கடற்கரைக்கு எடுத்துப்போன புத்தகங்கள்: எது தாக்குப்பிடித்தது, எது இல்லை

கடற்கரை விடுமுறைக்கு என்று யார் புத்தகம் பரிந்துரைத்தாலும் ஒரே மாதிரிதான் சொல்கிறார்கள்: லேசான கதை, கொஞ்சம் காதல், கொஞ்சம் கொலை, மூளைக்கு வேலை வைக்கக் கூடாது. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. மணலில் கால் பட்டதும் யாருக்கும் மூளை மழுங்கிவிடுவதில்லை. அங்கே கிடைக்காதது தொடர்ச்சியான நேரம். பத்துப் பக்கம் படிப்பதற்குள் யாராவது தண்ணீருக்குக் கூப்பிடுவார்கள். திரும்பி வந்தால் குடையின் நிழல் நகர்ந்திருக்கும், விரிப்பை இழுத்துப் போடவேண்டும். கையைத் துடைத்து, கண்ணாடியைத் துடைத்து, காதில் புகுந்த தண்ணீரைத் தட்டி எடுத்து, அப்புறம் புத்தகத்தைத் திறந்தால்: யார் இந்த ஆள், இவர் ஏன் மாடிப்படியில் நின்று அழுகிறார்?

இந்தக் கேள்விக்கு ஒரு பக்கத்துக்குள் பதில் சொல்லி மறுபடியும் உள்ளே இழுத்துக்கொள்கிற புத்தகம்தான் கடற்கரைக்கு ஆகும். கீழே உள்ள எல்லாவற்றையும் இந்தக் கணக்கில்தான் எடைபோட்டிருக்கிறேன். இலக்கியத் தரம் வேறு விஷயம். அற்புதமான நாவல் ஒன்று இங்கே தோற்கலாம், சுமாரான ஒன்று ஜெயிக்கலாம்.

என் நிலவரத்தையும் சொல்லிவிடுகிறேன். படிக்கக் கண்ணாடி தேவைப்படும் வயது எனக்கு. கூட வருகிறவர்களில் ஒருவர் என் கணவர். தடித்த வரலாற்றுப் புத்தகத்தை நெஞ்சில் கவிழ்த்துவைத்துத் தூங்குவார், அவரால் தொந்தரவு இல்லை. இன்னொருவன் தங்கையின் மகன். "பெரியம்மா, வாங்க, கோட்டைக்கு அகழி வெட்டணும்" என்று அத்தியாயத்தின் நடுவில், சரியாகக் கத்தி உருவப்படும் இடத்தில், வந்து நிற்பான். ஆகவே என்னுடைய சோதனைக் களம் கடுமையானது. தனியாகப் போய் நாள் முழுக்கக் குடைக்கு அடியில் கிடக்கிறவர்கள் என் மதிப்பெண்களைக் கொஞ்சம் தாராளமாக்கிக்கொள்ளலாம்.

முதல் இடம் அகதா கிறிஸ்டிக்கு. பலருக்கும் இதில் ஆச்சரியம் இருக்காது, ஆனால் என்னுடைய காரணம் வேறு. 1939இல் வந்த 'அண்ட் தென் தேர் வேர் நன்' நாவலில் பத்துப் பேர் ஒரு தீவுக்கு வரவழைக்கப்படுகிறார்கள். அதில் எட்டுப் பேரின் பெயர்களை முதல் அத்தியாயத்திலேயே கொட்டிவிடுகிறார். கடற்கரைக்கு இதைவிட மோசமான தொடக்கம் இருக்க முடியாது என்றுதான் தோன்றும். நீதிபதி யார், டாக்டர் யார், ராணுவக்காரர் யார் என்று குழம்புவோம். ஆனால் கிறிஸ்டி ஒரு வேலை செய்திருக்கிறார். ஒவ்வொரு அறையிலும் ஒரு பாட்டு மாட்டியிருக்கிறது, சாப்பாட்டு மேசையில் பத்து பொம்மைகள் இருக்கின்றன. ஒவ்வொரு சாவுக்கும் ஒரு பொம்மை காணாமல் போகிறது. கதைக்குள் இருப்பவர்களைப் பயமுறுத்த வைத்த இந்த பொம்மைகள், கதைக்கு வெளியே இருக்கும் எனக்கு அடையாளம் காட்டுகிறவையாகவும் ஆகிவிடுகின்றன. அகழி வெட்டிவிட்டு வந்து திறந்தால் மேசையில் எத்தனை பொம்மை மிச்சம் என்று பார்த்தால் போதும், கதை எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிடும். போகப்போகப் பெயர்களும் குறைந்துகொண்டே வருகின்றன! மற்ற நாவல்களில் ஆட்கள் கூடிக்கொண்டே போவார்கள், நம் நினைவு திணறும். இதில் ஆசிரியரே ஒவ்வொருவராகக் கழித்துக்கொடுக்கிறார். அத்தியாயங்களுக்குள்ளும் எண் போட்டுச் சின்னச் சின்னப் பகுதிகளாகப் பிரித்திருப்பதால் எந்த இடத்திலும் நிறுத்தலாம்.

அவருடையதே இன்னொன்று, 'ஈவில் அண்டர் தி சன்', 1941. இதில் கொலையே கடற்கரை விடுதியில்தான் நடக்கிறது. ஒரு சிறு தீவில் விடுதி, கரையிலிருந்து போகும் பாதை கடல் ஏறினால் மூழ்கிவிடும். வெள்ளை உடுப்பும் பனாமா தொப்பியுமாகக் கிறிஸ்டியின் துப்பறிவாளர் எர்க்யூல் பொய்ரோ வெயிலில் உட்கார்ந்திருக்கிறார், வரிசையாகக் கிடக்கும் உடம்புகளைப் பார்த்து முகம் சுளிக்கிறார். நாமும் அதேபோல் கிடந்துகொண்டே இதைப் படிப்பது தனி வேடிக்கை. எங்கே இடிக்கிறது என்றால், பின்பாதியில். யார் எத்தனை மணிக்கு எந்தக் குகைப் பக்கம் போனார், யார் டென்னிஸ் ஆடினார் என்று நிமிடக் கணக்கு வருகிறது. நிமிடக் கணக்கை வெயிலில் வைத்துக்கொள்ள முடியாது. முன்பாதியை மணலிலும் பின்பாதியை அறைக்குப் போய் விளக்கு வெளிச்சத்திலும் படிப்பது நல்லது. கிறிஸ்டியில் முதலில் ஒன்றை மட்டும் எடுப்பதானால் பொம்மைக் கதையையே எடுங்கள்.

துப்பறியும் கதை பிடிக்காதவர்களுக்கு ஜெரால்ட் டரலின் 'மை ஃபேமிலி அண்ட் அதர் அனிமல்ஸ்' (1956). 1935இல் ஒரு அம்மாவும் பிள்ளைகளும் கிரேக்கத் தீவான கோர்ஃபுவுக்குக் குடிபோகிறார்கள். கதை சொல்லும் கடைக்குட்டிக்கு அப்போது பத்து வயது. அவனுக்குப் பூச்சி, ஆமை, பறவை, பாம்பு எல்லாம் வேண்டும், அவற்றை வீட்டுக்குள் வைத்துக்கொள்ளவும் வேண்டும். தீப்பெட்டிக்குள் குஞ்சுகளோடு ஒரு தாய்த் தேள் அடைபட்டிருப்பது தெரியாமல் சாப்பாட்டு நேரத்தில் அண்ணன் அந்தப் பெட்டியைத் திறக்கும் இடத்தை நான் பொது இடத்தில் படிக்காமல் இருந்திருக்கலாம். பக்கத்துக் குடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சம்பவம் சம்பவமாகப் போகிற புத்தகம். ஒரு சம்பவத்தை விட்டுவிட்டுத் தாண்டினாலும் அடுத்தது புரியும். புத்தகமே அவர்கள் குடியிருந்த மூன்று வீடுகளை வைத்து மூன்று பகுதியாகப் பிரிந்திருக்கிறது, வீடுகளுக்கு நிறமும் உண்டு: இளஞ்சிவப்பு, மஞ்சள், வெள்ளை. எந்த வீட்டில் இருக்கிறோம் என்பது நினைவிருந்தால் சரி.

இதை அப்படியே வாழ்க்கை வரலாறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கூடவே வாழ்ந்து எல்லாரையும் கிண்டலடிக்கும் அண்ணன் லாரி, பின்னாளில் பெரிய எழுத்தாளரான லாரன்ஸ் டரல், உண்மையில் அந்தத் தீவில் மனைவியோடு தனி வீட்டில் இருந்தவர். தம்பி அந்த அண்ணியைப் புத்தகத்திலிருந்தே எடுத்துவிட்டார். குடும்பத்துக்குள் இதற்கு என்ன பேச்சு வாங்கினாரோ! வாசகருக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை. ஐந்து பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்து சண்டை போட்டால்தானே சிரிப்பு வரும்.

தோவே யான்சனின் 'தி சம்மர் புக்' பற்றி நிறையச் சொல்ல ஆசைதான், ஆனால் அது அதிகம் பேசினால் கெட்டுப்போகும் புத்தகம். 1972இல் வந்தது. ஃபின்லாந்து வளைகுடாவில் ஒரு குட்டித் தீவு, ஒரு பாட்டி, ஒரு பேத்தி, 22 சிறு அத்தியாயங்கள். ஒவ்வொன்றும் தனியே நிற்கும், வரிசை மாற்றிப் படித்தாலும் பெரிய சேதம் இல்லை. பேத்தியின் அம்மா இறந்துவிட்டாள் என்பதை ஆரம்பத்தில் போகிறபோக்கில் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு, புத்தகம் வேறு வேலை பார்க்கப் போய்விடுகிறது. பாட்டி பொய் சொல்வாள், திருட்டுத்தனமாகப் புகை பிடிப்பாள், பேத்தியோடு சரிக்குச் சரி சண்டை போடுவாள். குழந்தையோடு கடற்கரைக்குப் போகிறவர்களுக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு சிபாரிசு செய்வது இதைத்தான். அகழி வெட்டப் போகும்போது எரிச்சல் வராது. படித்துக்கொண்டிருந்ததும் கிட்டத்தட்ட அதைப் பற்றித்தான் இருக்கும்.

கடல் என்றதும் எல்லாரும் நீட்டும் புத்தகம் ஹெமிங்வேயின் 'கடலும் கிழவனும்'. 84 நாள் மீன் படாத கிழவர், ஒரு பெரிய மீன், அவ்வளவுதான் கதை. 1952இல் 'லைஃப்' பத்திரிகை இதை ஒரே இதழில் முழுதாகப் போட்டது. அந்த இதழ் 2 நாளில் 50 லட்சம் பிரதிக்கு மேல் விற்றது. ஒரே மூச்சில் படித்துவிடலாம் என்பதும் அந்த விற்பனைக்கு ஒரு காரணமாக இருந்திருக்க வேண்டும். நம் கணக்குப்படி இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அத்தியாயமே கிடையாது. கிழவரின் கையில் கயிறு இழுபட ஆரம்பித்தபிறகு நிறுத்த ஒரு நல்ல இடம் கிடைக்காது. நடுவில் எழுந்துபோய் ஐஸ் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வந்தால், அவர் மட்டும் அங்கேயே தோள் எரியக் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருப்பார், நமக்குக் குற்ற உணர்ச்சி வரும். சின்னப் புத்தகம் என்பதால் பையில் போட்டுக்கொள்வது சரி. ஆனால் கூட்டம் கலைந்து, பிள்ளைகள் தூங்கி, ஒரு மாலை முழுதாக நம் கைக்கு வரும்போது மட்டும் திறக்கவேண்டும்.

'ஜாஸ்' நாவலை (1974) எடுத்துப்போகலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். பயம் வருமா என்பது ஒரு கேள்வி. அதைவிடப் பெரிய கேள்வி, சுறா எங்கே என்பது. 1975இல் வந்த படத்தை மனதில் வைத்துக்கொண்டு புத்தகத்தைத் திறக்கிறவர்கள் நடுவில் திகைத்துப்போவார்கள். போலீஸ் தலைவரின் மனைவிக்கும் சுறா நிபுணருக்கும் ஒரு கள்ள உறவு, ஊர்த் தலைவருக்குப் பின்னால் குற்றக் கும்பலின் பணம் என்று பக்கம் பக்கமாக ஓடும். படம் எடுத்தவர்கள் இதையெல்லாம் வெட்டித் தள்ளியது புத்திசாலித்தனம். முதல் சில பக்கங்களில் இரவு நீச்சலுக்குப் போகும் பெண்ணின் காட்சி மட்டும் இன்றைக்கும் கச்சிதம். அதைப் படித்தால் மறுநாள் முழங்கால் அளவு தண்ணீருக்கு மேல் போகமாட்டீர்கள், அப்புறம் எதற்குக் கடற்கரைக்கு வந்தது?

நமக்குப் பழக்கமான தொடர்கதைகள் பக்கம் வருகிறேன், ஏனென்றால் என் கணக்கில் முழு மதிப்பெண் வாங்கும் சரக்கு அங்கேதான் குவிந்து கிடக்கிறது. தொடர்கதை எழுதுகிறவருக்கு ஒரு விஷயம் தெளிவாகத் தெரியும்: வாசகர் ஒரு வாரம் காணாமல் போவார். நடுவில் கல்யாணம், காய்ச்சல், பரீட்சை எல்லாம் வரும். ஏழு நாள் கழித்துத் திரும்பி வருகிறவரை இரண்டு பத்திக்குள் கதைக்குள் தள்ளிவிட வேண்டும். போகும்போது ஒரு கேள்வியைக் கையில் கொடுத்து அனுப்ப வேண்டும். ஒரு வார இடைவெளியைத் தாங்கும்படி கட்டியது அரைமணி நேர நீச்சலைத் தாங்காதா?

கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை வாராவாரம் வந்தது. ஐந்து பாகம், எல்லாம் சேர்த்தால் தலையணை கனம். ஆனாலும் நீளத்தைப் பார்த்து மிரள வேண்டாம். எந்தப் பக்கத்தில் விட்டாலும் வந்தியத்தேவன் ஏதோ ஒரு வம்பில் மாட்டிக்கொண்டு நிற்பான், அது என்ன வம்பு என்பதைக் கல்கியே ஞாபகப்படுத்துவார். கடற்கரைக்கு என்று ஒரு பாகத்தை மட்டும் எடுப்பதானால் இரண்டாம் பாகமான 'சுழற்காற்று'தான். படகு, பூங்குழலி, புயல், தீப்பற்றிய கப்பல் என்று அதில் கடல் நிறைய வரும். முதல் பாகம் படித்திராதவர்கள் அதைத் தனியாகத் தொடங்காமல் இருப்பது நல்லது. ஏற்கெனவே ஒருமுறை படித்தவர்களுக்கு மறுவாசிப்புக்கு இதைவிடத் தோதான பாகம் இல்லை. மறுவாசிப்பே கடற்கரைக்கு ஏற்றது என்பது என் கட்சி. முடிவு தெரிந்த கதையில் தொலைந்துபோக முடியாது. மதுரைத் திட்டம் என்ற இணையத் தொகுப்பில் ஐந்து பாகமும் இலவச மின்னூலாகவே இருப்பதால் கனத்தைப் பற்றியும் கவலைப்பட வேண்டாம்.

சாண்டில்யனின் 'கடல் புறா' மூன்று பாகமும் இதே வகை. கப்பல் சண்டைகள் விறுவிறுப்பு. நாயகி உள்ளே வந்தால் வர்ணனை பல பக்கம் போகும். அந்தப் பக்கங்களில் தண்ணீருக்குப் போய்விட்டு வரலாம், கதை நகர்ந்திருக்காது. இதையும் ஒரு வசதியாகத்தான் சொல்கிறேன்.

வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்' வேறு மாதிரி. மீனவக் குடும்பம், மகன் படகை விற்றுவிட்டு வரச் சொல்கிறான், அப்பாவுக்கு மனம் இல்லை, மகள் பிலோமிக்கு அவளுடைய துயரம். நாவல் சிறியது, அத்தியாயங்களும் சிறியவை, வாக்கியங்களும் அப்படியே. திரும்பி வந்து சேர்ந்துகொள்வதில் ஒரு சிரமமும் இல்லை. விடுமுறையில் சோகமா என்று கேட்பவர்களை நான் வற்புறுத்த மாட்டேன். ஆனால் கடற்கரையில் நாள்கணக்கில் குடைக்கு அடியில் கிடக்கும்போது, தூரத்தில் வலை இழுக்கிறவர்களை வெறும் காட்சியாகப் பார்க்காமல் இருக்க இந்த ஒரு புத்தகம் உதவியது. லேசான புத்தகங்கள் மூன்றுக்கு நடுவில் இப்படி ஒன்றைச் செருகிவைப்பது என் வழக்கம்.

இனி யாரும் ஒப்புக்கொள்ளாத சிபாரிசு: ஹெர்மன் மெல்வில்லின் 'மோபி டிக்'. சிரிக்காதீர்கள். 1851இல் வந்த இந்த நாவல் கனமானது, பழைய ஆங்கிலம், மத மேற்கோள்கள், திமிங்கல உடற்கூறு, எல்லாம் உண்மை. ஆனால் உள்ளே அது எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். 135 அத்தியாயங்கள், முடிவுரை தனி. பெரும்பாலானவை ஒருசில பக்கங்கள்தான். இடியும் மின்னலும் பற்றி ஓர் அத்தியாயம் சில வரிகளிலேயே முடிந்துவிடும். ஒன்று நாடகம்போல் எழுதப்பட்டிருக்கும், ஒன்று திமிங்கல வகைகளின் பட்டியல், ஒன்று வெள்ளை நிறம் ஏன் பயமூட்டுகிறது என்ற யோசனை. கதை என்று பார்த்தால் அது நத்தை வேகம். கேப்டன் ஆஹாப் முதன்முதலில் தளத்தில் வந்து நிற்பதே 28ஆம் அத்தியாயத்தில். எல்லாரும் தேடும் அந்த வெள்ளைத் திமிங்கலம் கண்ணில் படுவது 133இல்! இடையில் நூறு அத்தியாயத்துக்கு மேல் திமிங்கலத்தைக் காணவில்லை என்றால், நீங்கள் இருபது நிமிடம் காணாமல் போவதால் எதுவும் தவறிவிடாது.

இதை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை முடித்தே தீருவது என்று சபதம் எடுத்துக்கொண்டு போனால் தோற்பீர்கள். ஓர் அத்தியாயம் படி, கடலைப் பார், இன்னொன்று படி. பிடிக்காத அத்தியாயத்தைத் தாண்டு. கயிற்றைப் பற்றியும், திமிங்கலக் கொழுப்பைக் கையால் பிசைவதைப் பற்றியும் மெல்வில் எழுதும் இடங்கள் நகர வீட்டின் சோபாவில் எனக்குச் சலித்தன. உப்புக் காற்றில் அதே பக்கங்கள் விழுங்கும்படி இருந்தன. இன்னொரு தகவலும் இங்கே பொருந்தும். லண்டனில் முதலில் வெளியான பதிப்பில் முடிவுரை அச்சாகாமல் போய்விட்டது. எல்லாரும் மூழ்கினால் கதையை யார் சொன்னது என்று அங்கே விமர்சகர்கள் கேட்டார்கள். இப்போதைய பதிப்புகளில் அது இருக்கிறது. அந்த முடிவுரை ஒரு பக்கத்துக்குள் அடங்கும், அதைத் தாண்டாதீர்கள்.

தோற்ற வகைகளையும் சொல்லவேண்டும். தலைமுறை தலைமுறையாகப் போகும் குடும்ப நாவல், முன்பக்கத்தில் வம்ச வரைபடம் போட்டது: ஒவ்வொரு முறையும் அந்த வரைபடத்துக்குத் திரும்பவேண்டும், காற்று அந்தப் பக்கத்தைத் திறக்க விடாது. காலத்தை முன்னும் பின்னும் கலைத்துப் போடும் த்ரில்லர்: அத்தியாயத் தலைப்பில் தேதியைக் கவனிக்காவிட்டால் செத்தவன் எழுந்து நடப்பான். சுயமுன்னேற்றப் புத்தகம்: விடுமுறையில் இருக்கும் ஆளிடம் போய் அதிகாலையில் எழு என்கிறது, அதற்கு என்ன செய்வது. கவிதைத் தொகுப்புகள் மேலோட்டமாகப் பார்த்தால் பொருத்தமாகத் தெரியும், சின்னச் சின்னதாக இருக்கின்றனவே என்று. எனக்கு அவை சரிப்படவில்லை. ஒரு கவிதையைப் படித்துவிட்டுத் தலை நிமிர்ந்தால் கடல் அதைவிட நன்றாக இருக்கிறது.

உள்ளடக்கம் போதும், பொருளாக அந்தப் புத்தகம் எப்படி இருக்கிறது என்பதும் பாதி விஷயம். கடற்கரையில் மல்லாந்து படுத்துக் கையைத் தூக்கிப் படிப்போம், அதனால் 400 பக்கத்துக்கு மேல் போனால் மணிக்கட்டு புகார் சொல்லும். பளபளக்கும் வழவழ தாளை வெயிலில் படிக்கவே முடியாது, முகத்தில் வெளிச்சம் அடிக்கும். பழுப்பேறிய மங்கிய தாள் கண்ணுக்கு இதம். வெறும் பசையால் முதுகு ஒட்டிய பேப்பர்பேக்கை வெயிலிலும் மூடிய காருக்குள்ளும் வைத்தால், சூட்டில் பசை இளகிப் பக்கங்கள் கழன்று வரும். நூல் கொண்டு தைத்த கட்டு தாங்கும். கடல் தண்ணீர் பட்ட புத்தகம் காய்ந்தமாதிரி தெரிந்தாலும் தாளில் தங்கிய உப்பு காற்றின் ஈரத்தை உறிஞ்சி மறுபடியும் நசநசக்கும். ஆகவே கையெழுத்துப் போட்டு வாங்கிய பிரதி, இரவல் பிரதி, நூலகப் பிரதி மூன்றும் வீட்டிலேயே இருக்கட்டும். பழைய புத்தகக் கடையில் வாங்கிய, போனால் போகட்டும் என்று நினைக்க முடிகிற பிரதிதான் சரி.

வசதியற்ற இடத்தில் படிப்பதற்கென்றே புத்தகத்தை வடிவமைத்தவர்கள் இருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கச் சிப்பாய்களுக்காக 1943 முதல் அச்சடித்த 'ஆர்ம்டு சர்வீசஸ் எடிஷன்ஸ்' புத்தகங்கள் குறுக்குவாட்டில் நீண்டவை, சட்டைப்பைக்குள் போகிறவை. ஒரு பக்கத்தில் எழுத்து இரண்டு நெடுவரிசையாக ஓடும், வரி சின்னதாக இருப்பதால் கண் வரி மாறாது. 1,322 தலைப்புகளில் 12 கோடிக்கு மேல் பிரதிகள். எப்போது வேண்டுமானாலும் கூப்பிடப்படுகிற மனிதர் படிக்கிற புத்தகம் அது. இன்றைய பதிப்பாளர்கள் விடுமுறைக் காலத்துக்கு என்று அட்டையில் தென்னை மரம் வரைவதோடு நிறுத்திக்கொள்கிறார்கள், அளவை யாரும் மாற்றுவதில்லை.

மின்நூல் கருவி பற்றி. மின்மைத் (இ-இங்க்) திரை வெளியில் இருக்கும் வெளிச்சத்தைத் திருப்பித் தருவதால் வெயில் ஏற ஏறத் தெளிவாகத்தான் தெரியும். போன் திரை அங்கே கறுப்புக் கண்ணாடியாகிவிடும். போலரைஸ்டு கூலிங்கிளாஸ் போட்டிருந்தால் சில போன் திரைகள் ஒரு கோணத்தில் முழு இருட்டாகவே தெரியும். கிண்டில் பேப்பர்ஒயிட் 2018 முதல் தண்ணீர் தாங்கும் என்று வருகிறது, ஆனால் அந்த வாக்குறுதியின் சிறிய எழுத்தைப் படியுங்கள்: நல்ல தண்ணீரில் 2 மீட்டர் ஆழம், 60 நிமிடம், கடல் தண்ணீரில் கால் மீட்டர் ஆழம், 3 நிமிடம். அலையில் விழுந்தால் உடனே எடுத்து நல்ல தண்ணீரில் அலசவேண்டும். என்னை எரிச்சலூட்டியது வேறு. திரையில் சொட்டும் நீர்த்துளியையே விரல் என்று நினைத்துக்கொண்டு அது தானாகப் பக்கம் புரட்டிவிடுகிறது. கிறிஸ்டி படிக்கும்போது இது ஆபத்து. கொலைகாரன் பெயர் நாலு பக்கம் முன்னாலேயே கண்ணில் பட்டுவிடும். பக்கம் புரட்டப் பட்டன் வைத்த கருவிகள், உதாரணத்துக்குக் கோபோ லிப்ரா, ஈரக் கைக்கும் மணல் கைக்கும் மேல். எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம் என்ற ஒரு வசதிக்காகவே என்னைப் போன்ற வெள்ளெழுத்துக்காரர்கள் எத்தனை குறை இருந்தாலும் கருவியை மன்னித்துவிடுவோம்.

மொத்தத்தில் என் பையில் போவது: ஒரு கிறிஸ்டி, அல்லது அதேபோல் சிறு பகுதிகளாகப் பிரிந்த துப்பறியும் கதை, சிரிக்க ஒன்று, கருவிக்குள் ஒரு தொடர்கதையும் 'மோபி டிக்'கும், அப்புறம் கொஞ்சம் கனக்கிற சிறு நாவல் ஒன்று. வாங்கும்முன் ஒரு சோதனையும் செய்வேன். மாதிரி அத்தியாயத்தை வீட்டில் படிப்பேன், பாதியில் நிறுத்துவேன், இரண்டு மூன்று நாள் தொடமாட்டேன். அப்புறம் நிறுத்திய இடத்திலேயே திறந்து பார்ப்பேன். ஒரு பக்கத்துக்குள் ஆட்கள் முகம் நினைவுக்கு வந்தால் டிக்கெட் அதற்கு. இந்த முறை நான்கு புத்தகங்கள் தேர்ச்சி பெற்றிருக்கின்றன. பரிசு வாங்கிய ஒரு குடும்ப நாவலும் வரிசையில் இருந்தது, நடை அருமை. ஆனால் மூன்றாம் நாள் திறந்தபோது ஒரே பெயரில் தாத்தாவும் பேரனும் இருப்பது தெரியவந்ததால் அதை அலமாரிக்கே திருப்பி அனுப்பிவிட்டேன்.